காந்தள் காட்டில் கல்யாண வேலை

ஐப்பசி, கார்த்திகையில் தாராபுரத்திலிருந்து மூலனூர் போகிற வழியில் காலை நேரமாகப் போய்ப் பாருங்கள். கம்பிப் பந்தல் போட்ட தோட்டங்களுக்குள் பெண்கள் ஒவ்வொரு பூவாகத் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருப்பார்கள். பூப் பறிக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். இல்லவே இல்லை! பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள்.

பூ யாரென்று கேட்கிறீர்களா? செங்காந்தள்! நம் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக்கொண்டு போகும் பூக்களில் முதலிடம் பிடித்த ஆள். எலிசபெத் இளவரசிக்கு 1947இல் ரொடீசியா பரிசளித்த வைர ஊசிப்பதக்கமும் இதே பூதான். இத்தனை பெருமையும் தோட்டத்துக்கு வெளியே. உள்ளே இதற்குப் பெயர் கண்வலி, அவ்வளவுதான்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் இதன் குறும்பு புரியும். பூ தலைகீழாகத் தொங்குகிறது. ஆறு இதழும் நெளிநெளியாக மேலே மடங்கி, பச்சையில் ஆரம்பித்து மஞ்சளாகி, ஒரேயடியாகச் சிவந்துவிடுகிறது. ஆறு மகரந்தக் காம்பும் நாலாபக்கமும் விரிந்து நிற்கின்றன. சூல்தண்டு மட்டும் சூலகத்தைவிட்டு வெளியே வந்ததுமே சட்டென்று வளைந்து, பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்கிறது. சொந்த மகரந்தம் தன்மேல் விழக்கூடாதாம்! காட்டுப் புதரில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்துவிடும். ஏக்கர் கணக்கில் ஒரே நேரத்தில் பூத்துக் கிடந்தால் அவை எத்தனை வீட்டுப் படிதான் ஏறும்? அதனால்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்து, வேறொரு செடியின் பூவில் அந்த வளைந்த தண்டின் நுனியில் ஒரு தடவு. அடுத்த பூ. அதற்கடுத்த பூ. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். மறுநாள் காலை புதிதாக விரிந்தவை காத்துக்கொண்டிருக்கும்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: “ஏனுங்க, பூவைத் தொட்ட கையைக் கண்ணுல வெச்சுறாதீங்க, வாயிலயும் வெச்சுறாதீங்க!” சும்மா இல்லை. இலை, தண்டு, கிழங்கு, விதை எல்லாமே விஷம். அந்த விஷம்தான் இங்கே வெள்ளாமை. விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின், மூட்டை வீங்க வைத்துத் துடிக்க விடும் கவுட் நோய்க்கு மருந்து. அளவு கொஞ்சம் மீறினாலும் ஆளையே சாய்த்துவிடும். செல்கள் இரண்டாகப் பிரியும் வேலையை அது அப்படியே நிறுத்திவிடுவதுதான் காரணம்.

இந்த இடத்தில் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றுகிறது, ஏனென்றால் கோயம்புத்தூர் உள்ளே வருகிறது. செல் பிரியாமல் நின்றால் குரோமோசோம் இரட்டிப்பாகும் அல்லவா? நம் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள், 1940களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்சிசினைக் கொடுத்துப் பார்த்தவர். அவர் பெயரிலேயே ஒரு மக்னோலியா ரகம் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். விதைக்காகவே வளர்க்கிற இந்தச் செடியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை! விதை முளைப்பதற்கே ஏகப்பட்ட பிகு பண்ணும். முளைத்தாலும் பூ பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகிவிடும். இமயமலை நீலப் பாப்பி மேல் ஆசைப்படும் தோட்டக்காரர்களுக்கு இந்த வலி தெரியும். 1913இல் திபெத்துப் பக்கம் பெய்லி என்ற அதிகாரி கண்டெடுத்து, 1924இல் கிங்டன் வார்டு விதை சேகரித்த பிறகு இங்கிலாந்துத் தோட்டங்களைக் கிறங்க வைத்த பூ அது. கோடையிலும் குளிர் வேண்டும் அதற்கு. கோயம்புத்தூர்ச் சித்திரை வெயிலில் அதை நட ஆசைப்படுவது, என் கணக்கில், விதைக்குச் செய்யும் பாவம்.

காந்தளுக்கு நம்மூர் வெயில் பொருட்டே இல்லை. கிழங்கு மட்டும் கிடைத்தால் போதும். கவட்டை போட்ட கிழங்கு. முளை அதன் நுனியில்தான் இருக்கும், கை தவறி நுனி ஒடிந்தால் கதை முடிந்தது. ஆனி, ஆடியில் நடலாம். தண்ணீர் தேங்கக்கூடாது. இலை நுனியே சுருள் கம்பியாகிக் கிடைத்ததைப் பிடித்து ஏறும் என்பதால் மாடித்தொட்டியில் நாலு குச்சி நட்டால் தாராளம். தோட்டக்காரர்கள் முன்பு கிளுவையையும் விராலியையும் பிடிக்கக் கொடுத்தார்கள், இப்போது பெரும்பாலும் கம்பி. ஆறு மாதத்தில் காய் முற்றிவிடும். உரித்தால் செக்கச்செவேல் என்று விதை, அதை நிழலில் காயவைத்து எடுப்பார்கள். விலை? ஒரு வருடம் கூரையைப் பிய்த்துக் கொட்டும், மறுவருடம் கூலிக்கும் காணாது. கொடி காய்ந்து போனதும் செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். பழைய கிழங்கு போய், மண்ணுக்குள் புதுக் கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கும். குழந்தைகளும் ஆடு, நாய்களும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இந்த விஷத்துக்கு அசராத ஓர் ஆளும் உண்டு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியுமாக, திருவிழாவுக்குக் கிளம்பிய மாதிரி ஒரு புழு. ஆட்டுக்கே ஆகாத இலையைக் கூட்டமாக உட்கார்ந்து மொட்டையடிக்கும். கொடி ஏறத் தொடங்கியதும் தினமும் இலைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், கையுறை மறக்காமல்!