கண்ணாடித் தொட்டியில் கடற்சாமந்தி

மலர்போல் தோன்றினும் கடற்சாமந்தி மலரன்று; விலங்கினத்தைச் சேர்ந்தது. இதழ்கள் என நாம் எண்ணுபவை இரையைக் கொட்டிப் பிடிக்கும் கைகளாம். கடலுக்கு வெகுதொலைவிலுள்ள மைசூரில் இதனை வளர்க்க விழையும் அன்பர்கள் முதலில் அதன் இயல்பை அறிதல் நலம்.

தொட்டிகளில் பெரிதும் வளர்க்கப்படும் இனங்களின் உடலுள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் ஒரு பங்கைக் குடியிருக்கும் இல்லத்திற்கே வாடகையாக அளிக்கின்றன. வெப்பம் மிகுந்தாலும் ஒளி குன்றினாலும் பாசி நீங்கும்; உடல் வெளுக்கும். ஆகவே, கடையில் முற்றிலும் வெளுத்திருப்பதை அழகென்று கொள்ளற்க. அது பெரும்பாலும் பட்டினியின் அடையாளம். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம், ஏற்றிய சாயமாகவும் இருக்கக்கூடும். அடிப்பாதம் கிழியாமல், வாய் இறுக மூடி, தொட்டதும் ஒட்டிக்கொள்வதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் குழாயில் வரும் காவிரி நீரில் குளோரின் கலந்திருக்கும். எனவே ஆர்.ஓ. முறையில் வடித்த நீரில், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கடல்மீன் தொட்டிக்குரிய உப்பைக் கரைத்துப் பயன்படுத்துக. வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும்; சித்திரை வெயிலில் தனிக் கவனம் தேவை. ஆவியாகிக் குறையும் நீருக்கு உப்பில்லாத நன்னீரையே ஊற்றுக; உப்பு ஆவியாவதில்லை அன்றோ! தொட்டி அமைத்து ஆறு திங்களேனும் கழிந்த பின்னரே இவ்வுயிரை விடுதல் வேண்டும். இது இடம்விட்டு நகரும். பம்பின் வாயில் சிக்கினால் சிதைந்துவிடும். ஆதலின் அவ்வாயைப் பஞ்சினால் மூடுக. வாரம் ஓரிரு முறை சிறு இறால் துண்டு போதும்.

ஊருக்குச் செல்வோர் இராமேசுவரம், மண்டபம் பக்கத்திலிருந்து எடுத்து வர எண்ணலாகாது. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அங்கு உயிர்களைக் கவர்தல் குற்றம். தொட்டியிலேயே இரண்டாகப் பிளந்து பெருகிய உயிரை வாங்குவதே நேரிய வழி.

1828இல் சர் ஜான் டாலியெல் என்பார் ஸ்காட்லாந்துக் கரையில் எடுத்த குளிர்கடல் இனத்துச் சாமந்தி ஒன்று, எடின்பரோவில் கண்ணாடிச் சாடியில் 1887 வரை வாழ்ந்தது. எடுத்தவரோ 1851இலேயே காலமானார். பின்னர் வந்தோர் பேணினர். பொங்கலுக்கு நாம் ஊர் சென்றால் தொட்டியைக் காப்பவர் யார்? நாளை வேறூருக்கு மாற்றலானால் ஏற்பவர் யார்? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே கடைக்குச் செல்வோமாக.