மூன்று நிமிடப் படம்

மார்பில் கட்டி தென்பட்டாலும், வலிக்கவில்லையே என்று பெரட்டுக்குப் போய்விடும் தாய்மார்கள் ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் நம்மிடையே உண்டு. மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, ஆபத்தே அதுதான்.

எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தால் உடலின் உள்ளே படம் எடுக்கும் கருவி. ஊசிவழி ஏற்றும் மருந்து புற்றுக்கட்டியில் விரைந்து பரவி, படத்தில் பளிச்சிடும். அந்தத் தொடக்கக் கட்டத்தை மட்டும் எடுத்தால் போதுமா? 2014-இல் ஜெர்மனியில் மருத்துவர் கிறிஸ்டியான கூல் குழுவினர், மேமோகிராமில் குறை தெரியாத 443 பெண்களிடம் சோதித்தனர். 17 நிமிடப் படம் 3 நிமிடமாகச் சுருங்கியது. கண்டறியப்பட்ட 11 புற்றுநோய்களும் அதிலேயே தெரிந்தன.

எந்தப் படம் தேவை என்பதை மருத்துவர் சொல்வார். கட்டி தென்பட்டதும் கிளினிக்குக்குப் போவது நம் கையில்தான் இருக்கிறது.