எங்கள் வீட்டு வேதம் – 9: எரேமியா வாங்கிய காணி

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, முரசுமோட்டையிலிருந்து வரும் அக்கா ஒருவர் என்னை மறித்தார். கையில் பழைய சேலைத் துண்டில் சுற்றிய பெரிய புத்தகம். கனடாவில் இருக்கும் மகன், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய, விளக்கக் குறிப்புகளோடு கூடிய ஸ்டடி பைபிள்.

"தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ. ஐயர் வாசிக்கேக்க நானும் விரலை வச்சுக்கொண்டுதான் போறன். ஒரு சொல்லும் பொருந்துதில்லை. என்ர கண்ணில பிழையோ, புத்தகத்தில பிழையோ?"

"ரெண்டிலயும் பிழையில்லை அக்கா" என்றேன். ஐயர் வாசித்தது நாம் தலைமுறை தலைமுறையாக வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பு. அக்காவின் கையில் இருந்தது 1995இல் வந்த திருவிவிலியத்தின் பாடம். ஐயர் 'சங்கீதம்' என்று அறிவித்தால் அக்காவின் புத்தகத்தில் அது 'திருப்பாடல்கள்'. 'ஆதியாகமம்' அங்கே 'தொடக்க நூல்'. 'யாத்திராகமம்' 'விடுதலைப் பயணம்' ஆகிவிட்டது. 'கர்த்தர்' என்று அவர் சொல்லுமிடத்தில் அக்காவின் விரல் 'ஆண்டவர்' என்ற சொல்லில் நிற்கிறது. மூன்று ஞாயிறாக அந்த மனுஷி தன் கண்ணைச் சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

குடும்ப செபத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, 'எந்த ஸ்டடி பைபிள் நல்லது?' என்று வவுனியாவிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். ஒரு பதிப்பின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் அது விடையாகாது. எதைப் பார்த்து எடுப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

குறிப்புகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாடத்தைப் பாருங்கள். உங்கள் சபையில் சத்தமாக வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பும் உங்கள் மடியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். சிறு வயதில் மனப்பாடம் செய்த வசனம் எந்தச் சொற்களில் நெஞ்சில் கிடக்கிறதோ, அந்தச் சொற்களில்தான் நடுச்சாமத்தில் வாய் தானாகச் செபிக்கும். விளக்கம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்தப் பழக்கத்தை அது ஈடுசெய்யாது.

நம் பாடத்துக்கு யாழ்ப்பாணத்தோடு ஓர் உறவு உண்டு. 1840களில் வெஸ்லியன் மிசனரி பீற்றர் பேர்சிவல் வேதாகமத்தைத் தமிழில் புதிதாகச் செய்ய இறங்கியபோது, அவருக்குத் துணை நின்றவர் அவருடைய பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர். உறுதியான சைவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். அவருடைய தமிழ் அறிவு பட்ட அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாகியது. தமிழ்நாட்டுச் சபைகள் அதை ஏற்கவில்லை. பப்ரீசியஸ் 18ஆம் நூற்றாண்டில் செய்த மொழிபெயர்ப்பிலேயே அவர்களுடைய காது பழகியிருந்தது. பிறகு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு பழையதையும் புதியதையும் பார்த்து உழைத்து, 1871இல் முழு வேதாகமத்தையும் வெளியிட்டது. ஐயர் வாசிப்பது அதைத்தான். 1936இல் லார்சன் குழுவின் திருத்தப் பதிப்பு 'தேவன்' என்ற சொல்லைக் 'கடவுள்' என்று மாற்றியபோதும் சபைகளின் காது அசையவில்லை. காதில் பழகிய வேதத்தை விட்டுக்கொடுக்க மனிதர் இலேசில் சம்மதிப்பதில்லை. இதை ஒரு பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை.

கத்தோலிக்க வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. பூசையிலும் வீட்டிலும் திருவிவிலியம்தான். அவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கத்தோலிக்கத் திருமுறையில் 73 நூல்கள் உண்டு. சீர்திருத்த சபைகளுக்கு 66. தோபித்தும் மக்கபேயரும் இல்லாத பதிப்பை வாங்கிவிட்டு, பிறகு பங்குத்தந்தையிடம் போய் நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். வாங்குமுன் பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள், அவ்வளவுதான்.

இனிக் குறிப்புகள். பக்கத்தின் மேல்பாதியில் வசனம், கீழ்ப்பாதியில் விளக்கம் என்று அச்சிட்டால் இரண்டும் ஒரே மை, ஒரே தாள். வாசிப்பவரின் மனத்தில் இரண்டும் ஒரே அதிகாரத்தோடு இறங்கிவிடும். இது இன்று நேற்று வந்த ஆபத்தில்லை. 1560இல் வந்த ஜெனீவா ஆங்கில வேதாகமத்தின் ஓரங்களில் நிறையக் குறிப்புகள் இருந்தன. எபிரேயக் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்கு மருத்துவச்சிகள் கீழ்ப்படியாதது சரிதான் என்று ஒரு குறிப்பு சொன்னது. அரசன் ஜேம்சுக்கு அது பிடிக்கவில்லை. அவன் ஆணையால் 1611இல் வந்த மொழிபெயர்ப்பில் அப்படிப்பட்ட விளக்கங்களுக்கு இடம் இல்லாமற் போனது. குறிப்பு எழுதுகிறவனுக்கும் ஒரு நிலை உண்டு, குறிப்பை நீக்குகிறவனுக்கும் ஒரு நிலை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று ஆயர் அஷர் 17ஆம் நூற்றாண்டில் கணக்குப் போட்டார். 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த ஆண்டுக்கணக்கை அச்சிடத் தொடங்கினார்கள். நாளடைவில் அது வேதத்திலேயே உள்ளது என்று நம்பியவர்கள் ஏராளம். 1909இல் வந்த ஸ்கோபீல்ட் வேதாகமம் அதையும் சேர்த்து, காலங்களை ஏழாகப் பிரித்து, கடைசி நாட்களைப் பற்றிய ஒரு முழுப் போதனையையே அடிக்குறிப்புகளாகத் தந்தது. இன்று கிளிநொச்சியில் வீட்டுக் கூட்டங்களில் 'வேதம் சொல்லுது' என்று பேசப்படும் சில விடயங்கள் வேதத்தில் இல்லை. ஸ்கோபீல்டின் குறிப்பில் இருக்கின்றன. ஆகவே கையில் எடுத்த பதிப்பின் முன்னுரையைப் படியுங்கள். குறிப்புகளை எழுதியது யார், எந்தச் சபையார், எந்த ஆண்டு என்று அது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாத புத்தகத்தை நான் வாங்கமாட்டேன்.

கடையில் நின்றபடியே ஒரு பதிப்பைச் சோதிக்க எனக்கொரு வழி இருக்கிறது. எரேமியா 32ஆம் அதிகாரத்தைத் திறப்பேன்.

கதை உங்களுக்குத் தெரியும். எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியா காவல்முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தகப்பனுடைய சகோதரனின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள தன் காணியை வாங்கச் சொல்லிக் கேட்கிறான். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கையொப்பமிட்டு, உறுதியை எழுதி முடிக்கிறார் எரேமியா. முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் வைத்து நெடுநாள் பாதுகாக்கும்படி தன் எழுத்தர் பாருக்கிடம் சொல்கிறார்.

நல்ல குறிப்பு இங்கே என்ன தரவேண்டும்? ஆனதோத்து எருசலேமுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 5 கிலோமீற்றரில் இருந்த எரேமியாவின் சொந்த ஊர் என்று சொல்ல வேண்டும். படை நிற்கும் பக்கத்துக் காணியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார் என்பது அப்போதுதான் விளங்கும். 17 சேக்கல் ஏறக்குறைய 200 கிராம் வெள்ளி என்று சொல்ல வேண்டும். ஏன் உறவினன் வந்து கேட்டான் என்பதற்கு லேவியராகமம் 25ஐக் காட்ட வேண்டும். காணி குடும்பத்தை விட்டுப் போகாமல் மீட்கும் உரிமை நெருங்கிய உறவுக்கு உண்டு. ஏன் இரண்டு பிரதி? ஒன்று கட்டி முத்திரையிடப்படும், யாரும் திருத்த முடியாது, மற்றது பார்வைக்கு. சாக்கடல் பக்கத்துக் குகையொன்றில் 1961இல் கிடைத்த பாபத்தா என்ற பெண்ணின் பத்திரங்களிலும் இதே இரட்டை முறை இருக்கிறது. அவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கலகக் காலத்தில் காணிப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு குகைக்கு ஓடிய ஒரு பெண்.

இவற்றில் பாதியாவது இருந்தால் அந்தப் பதிப்பை நம்பலாம். 'இக்கட்டிலும் தேவனை நம்பு' என்று மட்டும் எழுதி அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டால், திருப்பி வைத்துவிடுங்கள். நம்பச் சொல்வதற்குப் போதகர் இருக்கிறார். நமக்குத் தெரியாததைச் சொல்லத்தான் குறிப்பு.

ஆனால் எவ்வளவு நல்ல குறிப்பும் தராத ஒன்று நம்மிடம் இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடியேற்றத் திட்டங்களில் எத்தனையோ காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேமிற்றில் கிடைத்தவை. நினைத்தபடி விற்க முடியாது, பின்னுரித்தாளர் பெயர் பதிந்து குடும்பத்துக்குள் கைமாற வேண்டும். அனாமெயேல் ஏன் எரேமியாவிடம் வந்தான் என்பதை வட்டக்கச்சி விவசாயிக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை. மண்பாண்டமும் அப்படித்தான். உறுதியையும் அடையாள அட்டையையும் பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தையும் பொலித்தீனில் சுற்றி, பிளாஸ்ரிக் கொள்கலனில் வைத்து மண்ணுக்குள் புதைத்துவிட்டு ஓடியவர்கள் நாங்கள். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து, செட்டிகுளம் முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே இருந்து, ஊர் திரும்பித் தோண்டிப் பார்த்தபோது சிலருக்குக் கிடைத்தது. சிலருக்குக் கறையான் தின்ற மிச்சம். 2017இல் கேப்பாப்புலவு மக்கள் தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு வீதியோரத்தில் இருந்தபோது காணி என்ற சொல்லின் பாரத்தை நாடே கேட்டது. இந்த அதிகாரத்துக்கு அடிக்குறிப்பு எழுதத் தகுதி உள்ளவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அதனால்தான் ஓரம் அகலமான பதிப்பாகப் பாருங்கள் என்கிறேன். அந்த வெற்றிடம் உங்களுக்கானது. வேதத் தாள் மெல்லியது, பேனை மை மறுபக்கம் ஊறும், பென்சிலால் எழுதுங்கள். எந்த நாள், எந்தத் துக்கத்தில், எந்த வசனம் பேசியது என்று இரண்டு சொல் போதும். 2 சாமுவேல் 21இல் ரிஸ்பாள் தன் பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் மிருகமும் அண்டாமல் அறுப்புக் காலம் தொடங்கி மழை வரும்வரை காத்திருந்தாளே, அந்தப் பக்கத்தில் தன் மகனுடைய பெயரை எழுதி வைத்திருக்கும் ஒரு தாயை எனக்குத் தெரியும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலின் முன் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுடைய போராட்டம் தொடங்கிய நாட்களில் அவரும் அங்கே போய் இருந்தார். அந்த எழுத்தைவிடப் பெரிய விளக்கவுரை ரிஸ்பாளுக்கு வேறெங்கும் இல்லை.

எழுத்தின் அளவைப் பற்றி ஒரு சொல். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பொடி எழுத்து வேதாகமம் வாசித்துப் பழகிய தலைமுறைக்கு இப்போது கண் போய்விட்டது. விளக்கப் பதிப்புகளில் நிறையச் செய்தியை அடைக்கவேண்டி எழுத்தைச் சிறிதாக்கிவிடுவார்கள், அடிக்குறிப்பு அதிலும் சிறிது. வெயில் வெளிச்சத்தில் கடை வாசலில் நின்று பார்க்காதீர்கள். உள்ளே, மங்கலான மூலையில் நின்று அடிக்குறிப்பை வாசித்துப் பாருங்கள். கையிலும் தூக்கிப் பாருங்கள். சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோக முடியாத பாரமென்றால் அது அலுமாரியிலேயே இருந்துவிடும்.

66 நூல்கள் உள்ள வேதத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிறில் ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். இந்த ஓட்டத்தில் குறிப்புகளைப் பார்க்க வேண்டாம். முதலில் வசனத்தை முழுதாக வாசியுங்கள், மௌனமாக இருங்கள், கேள்வி எழுந்தால் மட்டும் கீழே பாருங்கள். குறிப்பிலிருந்து வசனத்துக்குப் போகும் பழக்கம் வந்துவிட்டால் தியானம் செத்துவிடும். இரண்டு புத்தகத்துக்குக் காசில்லாதவர்கள், சபையில் வாசிக்கும் பாடமும் பெரிய எழுத்தும் ஒத்தவாக்கியங்களும் உள்ள சாதாரண வேதாகமத்தையே வாங்குங்கள். ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தால் விளங்கிக்கொள்ளப் பழகியவருக்கு அதுவே பாதி விளக்கவுரை. இது என் தீர்மானமான கருத்து.

அக்காவிடம், அந்தப் புத்தகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றேன். ஞாயிறுக்குப் பழைய பாடம், வீட்டில் விளங்காத இடத்துக்கு இது. அவர் முன்பக்கத்தைத் திறந்து காட்டினார். குடும்பப் பதிவுக்கென்று கோடு போட்ட பக்கம், வெறுமையாக இருந்தது.

"மாத்தளனில விட்டிட்டு வந்த வேதத்திலதான் தம்பி எல்லாம் கிடந்தது. ஐயா பிறந்தது, அம்மம்மா செத்தது, என்ர நாலு பிள்ளையளின்ர ஞானஸ்நானம்... எல்லாம் அப்பு தன்ர கையால எழுதினது."

நாங்கள் இருவரும் கோவில் படியில் இருந்து, அவருக்கு நினைவில் உள்ளதை ஒவ்வொன்றாக எழுதினோம். ஒன்பது பெயர். மூன்றுக்கு மாதம் தெரியவில்லை, வருடம் மட்டும் எழுதினோம்.

உங்கள் வீட்டு வேதாகமத்திலும் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், நினைவுள்ள பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். அந்தத் தாள் கொஞ்சம் தடிப்பானது, பேனையாலேயே எழுதலாம்.

(தொடரும்)