ஒரு சம்பளமும் இரு கனவும்

கன்னட நாட்டெல்லையை ஒட்டிக் கிடக்கும் ஓசூர், முன்னாளிற் சேலம் சில்லாவைச் சேர்ந்திருந்தது. 1965-இல் தருமபுரியோடும், 2004-இல் கிருட்டிணகிரி மாவட்டத்தோடும் சேர்ந்தது. கேழ்வரகும் கொள்ளும் விதைத்து வானம் பார்த்திருந்த அச்சீமையில், 1970-க்குப் பின் அரசாங்கத்தார் தொழிற்பேட்டை வகுக்க, அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றால் விளைந்த நன்மையைப் பலரும் எழுதியுள்ளனர். யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது, அந்நன்மை ஓர் ஏழை வீட்டினுள் நுழையுங்கால் அவ்வீட்டாரை எங்ஙனம் இரு கூறாக்குகின்றது என்பதே.

சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஒரு குடும்பத்தைக் கருதிக்கொள்க. ஆழ்துளைக் கிணறு தோண்டி நீர் காணாது கடன்பட்ட தந்தை; கூலிக்குப் பூப்பறிக்கச் செல்லும் தாய்; பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மகள். மகள் ஆசிரியையாக விரும்புகின்றாள். தந்தை கடன் தீர்த்துக் காரை வீடு கட்ட விரும்புகின்றார். இரண்டும் தகாத ஆசைகள் அல்ல. தந்தையைக் கல்விக்குப் பகைவராகத் தீட்டுதல் கதையாசிரியர்க்கு எளிது. உண்மை அத்துணை எளிதன்று. இடர் யாதெனின், இரு கனவும் ஒரே பொருளை, அஃதாவது அப்பெண்ணின் பதினெட்டு முதல் இருபத்திரண்டு ஈறாகிய ஆண்டுகளை, நம்பி நிற்றலே.

இச்சமயத்திலே தொழிற்சாலை வண்டி ஊர் முனையில் வந்து நிற்கின்றது. மின்னணுக் கருவி செய்யும் ஆலைகள் இளம்பெண்களையே பெரிதும் வேண்டுகின்றன. போச்சம்பள்ளியில் எழுந்த ஓலா மின்வண்டி ஆலையை முற்றிலும் மகளிரே நடத்துவர் என 2021-இல் அறிவித்தனர். கல்லூரி புகும் அரசுப் பள்ளி மாணவியர்க்கு, 2022-இல் தோன்றிய புதுமைப்பெண் திட்டம் திங்கள்தோறும் 1,000 ரூபாய் நல்குகின்றது. நற்செயலே, ஆயினும் ஆலைச் சம்பளம் அதனினும் பன்மடங்கு. வட்டி கட்டும் நாளில் தாய் ஒருத்தி இவ்விரு தொகைகளையும் மனத்துள் நிறுத்துப் பார்ப்பாளாயின், அவளைக் குறைகூறுவார் யார்?

“ஓராண்டு மட்டும் போய் வா, அம்மா” என்பர். முதற் சம்பளம் வட்டிக்கும், அடுத்தது தம்பியின் படிப்புக்கும் ஆகும். அச்சம்பளத்தை நம்பிப் புதுக்கடனும் வாங்கப்படும். பின்பு அவள் வேலையை விட விரும்பினும் வீடு விடாது. ஒப்பந்தக்காரர் வழியாகவோ குறித்த காலத்திற்கோ அமர்த்தப்பட்டவளாயின், அக்காலம் முடிந்தபின் கையில் பட்டமும் இல்லை. நிலைத்த வேலையும் இல்லை.

ஆலை வாழ்வு எக்காலத்தும் இத்தகையதாய் இருந்ததன்று. 1984-இல் தோன்றிய டைட்டன் கம்பெனியார், சுற்றுப்புறத்துப் பள்ளி முடித்த இளைஞரைத் தேர்ந்து, வளர்ப்புப் பெற்றோரிடம் தங்கவைத்துக் கடிகாரத் தொழிலைப் பயிற்றினர். வெறுங்கூலியோடு கைத்திறனும் வீடு வந்து சேர்ந்தது.

இன்றும் வேலை செய்துகொண்டே அஞ்சல்வழிப் பட்டத்திற்குப் படிக்கும் பெண்கள் உளர். பலர் உறங்கும் விடுதி அறையில் ஒருத்தி விளக்கேற்றிப் படிப்பது எளிதன்று. வார இறுதி வகுப்பன்று இரவுமுறை வாய்த்துவிட்டாலோ வகுப்பே போயிற்று. தேர்வு எழுதுவார்க்கு மட்டுமேனும் அம்முறையை மாற்றித் தருதல், பணிமுறை வகுப்போர்க்கு ஒரு தாளில் இரண்டு பெயரை இடம் மாற்றும் வேலையே.