ஆயுதம் கை மாறும் இடத்தில் ஒரு கேள்வி

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் என் தம்பி மகன் குடும்பத்தோடு இருக்கிறான். அவனுடைய சின்னப் பெண் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் போனில், "தாத்தா, இன்னிக்கு ஸ்கூல்ல ஒளிஞ்சுக்கிற பயிற்சி" என்றாள். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் சத்தம் போடாமல் உட்கார வேண்டுமாம். துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கான பயிற்சி அது. குழந்தை விளையாட்டுப் போலச் சொல்லிவிட்டாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்குப் பிள்ளையோ பேத்தியோ அங்கே இருக்கிறார்கள். ஆகவே அந்நாட்டில் பல வருஷமாக நடக்கும் ஒரு விவாதத்தை, நான் படித்துத் தெரிந்துகொண்ட அளவில் இங்கே சொல்கிறேன். நான் பட்டம் பெற்றவன் அல்லன். நாற்பது வருஷமாகப் பாத்திரக்கடை நடத்துகிறவன். அதனால் ஒரு கடைக்காரன் பார்வையிலேதான் சொல்ல வரும்.

கடையில் வாங்கினால்

அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791-இல் சேர்ந்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிறது. அது தனிமனிதருக்கும் உள்ள உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று அதற்குப் பொருளில்லை.

1963-இல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கி தபால் மூலம் வாங்கப்பட்டது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டு இறந்தார்கள். அதே வருஷம் ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கி வியாபாரம் செய்பவர் உரிமம் பெற வேண்டும். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், தலைமறைவுக் குற்றவாளி, போதைப் பழக்கமுள்ளவர் முதலியோருக்கு விற்கக் கூடாது.

சரி, வாங்க வருபவர் அப்படிப்பட்டவரா என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? வெகுகாலம் வாங்குபவர் கையெழுத்துப் போட்டுச் சொல்வதுதான் ஆதாரம். 1981-இல் ஜனாதிபதி ரீகனைச் சுட்டபோது அவருடைய செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டடி பட்டு ஊனமுற்றார். அவரும் மனைவியும் பல வருஷம் போராடியதன் பலனாக 1993-இல் பிரேடி சட்டம் வந்தது. 1998 நவம்பர் முதல் எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிச் சோதனை முறை நடப்புக்கு வந்தது.

இப்போது கடையில் வாங்குபவர் படிவத்தை நிரப்பி, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். கடைக்காரர் தொலைபேசியிலோ கணினியிலோ கேட்கிறார். பெரும்பாலும் சில நிமிடத்தில் 'கொடுக்கலாம்', 'கொடுக்காதே', 'பொறு' என்ற மூன்றில் ஒரு பதில் வந்துவிடும். 'பொறு' என்று வந்து, மூன்று வேலை நாளில் முடிவு வராவிட்டால், மத்திய சட்டப்படி கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் இந்த இடைவெளியில்தான் துப்பாக்கி வாங்கினான்.

வீட்டுக்காரர் விற்றால்

இத்தனை ஏற்பாடும் உரிமம் பெற்ற கடைக்காரருக்கு மட்டும்தான். ஒருவர் தன் சொந்தத் துப்பாக்கியை அதே மாநிலத்தில் வசிக்கும் இன்னொருவருக்கு விற்றால், மத்திய சட்டப்படி சோதனை தேவையில்லை. துப்பாக்கிச் சந்தைகளில் சோதனையே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. சந்தையில் கடை போட்டாலும் உரிமம் உள்ளவர் சோதித்தே ஆக வேண்டும். எங்கே விற்கிறார் என்பதல்ல, யார் விற்கிறார் என்பதுதான் கணக்கு.

இதில் என்னை உறுத்தியது வேறொன்று. தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ விற்றால் வீட்டுக்காரருக்கும் அது குற்றம்தான். ஆனால் அவர் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்காதவருக்குத் தெரியாது, தெரியாதவருக்குக் குற்றமில்லை. கேட்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஆகிவிடுகிறது பார்த்தீர்களா!

2019 ஆகஸ்ட் 31-இல் டெக்சாஸில் ஒடெசா, மிட்லண்ட் ஊர்களில் ஒருவன் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றான். 2014-இல் அவன் கடையில் வாங்கப் போய், சோதனையில் மறுக்கப்பட்டவன். பிறகு 2016-இல் ஒரு தனிநபரிடம் வாங்கிக்கொண்டான். அந்த விற்பனையில் சோதனை நடக்கவில்லை. விற்றவர் உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்தார் என்பதற்காக 2021-இல் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

இரு தரப்பு வாதங்கள்

எல்லா விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்பவர்கள் கேட்பது எளிமையானது: முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைப்பானேன்? இரண்டாண்டுக்குள் துப்பாக்கி பெற்றவர்களில் சுமார் 22 விழுக்காட்டினர் சோதனை இல்லாமலே பெற்றதாக 2017-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

மறுதரப்பையும் கேட்க வேண்டும். திருடன் சட்டத்தை மதித்தா வாங்குகிறான் என்கிறார்கள். 2016-இல் சிறைக் கைதிகளிடம் எடுத்த அரசுக் கணக்கில், குற்றம் செய்தபோது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுமார் 43 விழுக்காட்டினர் அதைத் தெருவிலோ கள்ளச் சந்தையிலோ பெற்றவர்கள். துப்பாக்கிச் சந்தையில் வாங்கியவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. அடுத்து, யாரிடம் எந்தத் துப்பாக்கி என்று பதிவேடு இல்லாமல் இதை நடைமுறைப்படுத்த முடியாது, பதிவேடு வந்தால் நாளைக்குப் பறிமுதலும் வரும் என்ற அச்சம். மத்தியப் பதிவேட்டை 1986-ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது.

கலிபோர்னியா 1991 முதலே தனியார் விற்பனையும் கடைக்காரர் வழியாகத்தான் என்று வைத்திருக்கிறது. கொலராடோ, வாஷிங்டன், விர்ஜினியா முதலிய மாநிலங்களும் பின்னால் சேர்ந்தன. டெக்சாஸ் சேரவில்லை. கலிபோர்னியாவில் அந்த மாற்றத்தால் துப்பாக்கிச் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் மிசௌரி மாநிலம், கைத்துப்பாக்கி வாங்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதியை 2007-இல் நீக்கிய பிறகு, அங்கே துப்பாக்கிக் கொலைகள் கூடின என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆக, சோதனை மட்டும் போதாது, அனுமதிச் சீட்டும் சேர்ந்தால் பலன் உண்டு என்று நினைக்க இடமிருக்கிறது.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஏப்ரலில் துப்பாக்கிச் சந்தையிலும் இணையத்திலும் நடக்கும் தனியார் விற்பனைக்குச் சோதனை கோரிய திருத்தம் செனட்டுக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. தேவைப்பட்டது 60. தோற்றது. 2022-இல் வந்த சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடுதல் சோதனை வைத்தது. லாபத்துக்காக விற்பவர் யார் என்ற விளக்கத்தையும் விரிவாக்கியது. ஆனால் எல்லாத் தனியார் விற்பனையையும் அது தொடவில்லை.

நம் நாட்டில்

நம் ஆயுதச் சட்டம் 1959-ஆம் வருஷத்தது. இங்கே வாங்குபவருக்கு முதலில் உரிமம் வேண்டும், அதற்கே போலீஸ் விசாரணை உண்டு. சொந்தத் துப்பாக்கியை விற்க நினைப்பவரும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் காத்திருக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கி இங்கேயும் இல்லாமலில்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கடமை விற்பவர் மேல் இருக்கிறது.

கொடுப்பவரின் கடமை

சமணத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டியவற்றில் ஹிம்சாதானம் ஒன்று. கொல்லும் கருவியைப் பிறர் கையில் கொடுப்பது என்று பொருள். சமந்தபத்திரரின் ரத்னகரண்டகம் தரும் பட்டியலில் வாளோடு கோடரியும் மண்வெட்டியும்கூட இருக்கின்றன. சின்ன வயசில் இது எனக்குப் புரியவில்லை. மண்வெட்டி இல்லாமல் விவசாயம் உண்டா? பிறகுதான் விளங்கிற்று. பொருளைக் குற்றம் சொல்லவில்லை. யாருக்கு, எதற்கு என்று யோசிக்காமல் கொடுக்கும் கையைத்தான் சொல்கிறார்கள். கவனமின்மையே ஹிம்சைக்கு வேர் என்பது சமண நூல்களின் அடிப்படை.

பழைய பித்தளைச் சாமான் விற்க யாராவது வந்தால், "எந்த ஊரு, யார் வீட்டுப் பாத்திரம்?" என்று எங்கப்பா கேட்காமல் வாங்கமாட்டார். அப்படிக் கேட்டதால் ஊரில் திருட்டு ஒழிந்துவிடவில்லை. ஆனால் திருட்டுப் பாத்திரம் எங்கள் கடைக்குள் வரவில்லை.

அமெரிக்காவில் கேட்க விரும்பும் வீட்டுக்காரருக்கும் ஒரு சிக்கல் உண்டு. எஃப்.பி.ஐ. முறையை அவர் நேராகப் பயன்படுத்த முடியாது. ஆனால் உரிமம் பெற்ற கடைக்காரரிடம் இருவரும் போய், கட்டணம் கட்டி, சோதித்து விற்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. அரை மணி நேரமும் கொஞ்சம் பணமும் செலவாகும்.

இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு மூலையில் ஒளியக் கற்றுக்கொடுக்கிறோம். விற்கிற பெரியவருக்கு ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பது அதைவிடக் கஷ்டமா என்ன?