வானத்தைப் பார்க்கும் சேவல்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தெருவில் விற்க வந்த, சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தந்தாராம். மொட்டை மாடியில் விட்டிருந்த அவற்றைப் பருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்விட்டது. முயல்குட்டியும் பூனைக்குட்டியும் மிச்சம். அவற்றையும் தூக்குமா என்று கேட்கிறார்.

குஞ்சைத் தூக்கியது வாலில் பிளவுள்ள கரும்பருந்தாகவோ வல்லூறாகவோ இருக்கலாம். வல்லூறு புறா அளவுதான். கால் கிலோவைத் தாண்டுவதே அரிது. வேப்பமரக் கிளைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்து, ஓணான், எலி, குருவி என்று கண்ணில் பட்டதன் மேல் தாழப் பாயும். தன் எடைக்குச் சமமான இரையைத் தூக்கிப் பறப்பதே இவற்றுக்குப் பெரும்பாடு. ஆகவே வளர்ந்த பூனைக்குப் பயமில்லை. கண் திறந்து தள்ளாடும் குட்டியைத்தான் வெட்டவெளியில் தனியே விடக்கூடாது.

கோழிக்குஞ்சின் கதை வேறு. அதற்குக் காவல் சேவல். நாயோ கீரியோ வந்தால் சேவல் விட்டுவிட்டுக் கொக்கரிக்கும், ஊருக்கே கேட்கும். வானில் பருந்து தெரிந்தாலோ தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்து, மெல்லிய நீண்ட குரல் ஒன்றை இழுக்கும். அது எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாது. எங்கள் வீட்டுச் சமையலறையில் ராத்திரி கத்தும் சுவர்க்கோழியைத் தேடுகிற மாதிரிதான். பருந்துக்கும் சேவல் இருக்குமிடம் எளிதில் அகப்படாது.

கிறிஸ்டோபர் எவன்ஸ் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரு குரல்களின் ஒலிப்பதிவுகளை மட்டும் பெட்டைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பருந்துக் குரலுக்குப் பெட்டைகள் மறைவிடம் தேடி ஓடின, பதுங்கின, அண்ணாந்து பார்த்தன. தரை எதிரிக்கான குரலுக்குக் கழுத்தை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்த்தன. எதிரியைக் காணாமலே, அது மேலா கீழா என்று குரலிலிருந்தே தெரிந்துகொள்கின்றன! இன்னொன்றும் உண்டு: பக்கத்தில் பெட்டை இருந்தால் இந்தக் குரலைத் தாராளமாகக் கொடுக்கும் சேவல், தனியாக இருந்தால் பெரும்பாலும் சத்தமின்றிப் பதுங்கிவிடும்.

சாயக் குஞ்சுக்கு இந்தக் காவல் ஏது? முட்டைப் பண்ணைகளுக்கு வேண்டாத ஆண் குஞ்சுகளே பெரும்பாலும் இப்படிப் பச்சையும் ரோஸுமாகத் தெருவுக்கு வருகின்றன. இன்குபேட்டரில் பொரிந்தவை, இறக்கைக்குள் அணைக்கத் தாயில்லை. ஓர் உயிரை இரண்டு நாள் விளையாட்டுப் பொருளாக விற்பதும் வாங்குவதும் எனக்குத் தாங்கவில்லை. அது செத்தால் பழி பருந்தின் மேல் விழுகிறது. கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நாமே வல்லூறுக்கு உண்டிவில் எடுக்கிறோம், இறைச்சியில் பூச்சிமருந்து தடவி வைக்கிறோம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அந்த விஷத்தை நாயும் காக்கையும் தின்னும். வயல் எலியைப் பிடிக்கும் பறவையையும் இழப்போம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. சேவலை விற்காதீர்கள். குஞ்சுகளை மாடியில் விடாமல், செடி கொடி நிழலுள்ள இடத்தில் தாயோடு மேயவிடுங்கள். ஆளில்லாத நேரம் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்துவிடுங்கள். முயல்குட்டிக்கு இரவிலும் காவல் வேண்டும். பாறைக் குன்றுகளில் வாழும் கொம்பன் ஆந்தை இருட்டில் இரை தேடும். முயலும் அதற்கு இரைதான். கூண்டின் பக்கங்களோடு மேற்புறத்துக்கும் கம்பிவலை அடித்துவிடுங்கள்.