பதினைந்து ஆண்டு கழித்து வந்த கோப்பை

மார்க் வில்லியம்ஸ் 1975இல் தெற்கு வேல்ஸில், நிலக்கரிச் சுரங்கங்களை நம்பியிருந்த கூம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. இடது கையால் ஆடும் வில்லியம்ஸ், 1992இல் 17 வயதில் தொழில்முறை ஸ்நூக்கருக்கு வந்தார். உலகப் பட்டத்தை மூன்று முறை வென்றார். இடையில் முன்னணி 16 பேர் பட்டியலிலிருந்தே வெளியேறும் நிலையும் அவருக்கு நேர்ந்தது.

ஸ்நூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளிடையே உருவாகி, 1880களில் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம். பன்னிரண்டு அடி நீள மேசையில் 15 சிவப்புப் பந்துகளும் ஆறு வண்ணப் பந்துகளும் இருக்கும். வெள்ளைப் பந்தால் ஒரு சிவப்பைக் குழியில் தள்ளினால் ஒரு புள்ளி. அடுத்து ஒரு வண்ணப் பந்து. அதற்கு 2 முதல் 7 புள்ளிகள். ஒரே முறையில் மேசையை முழுவதும் காலி செய்து எடுக்கக்கூடிய உச்சம் 147. எதிராளி தவறாமல் பந்துகளைப் போட்டுக்கொண்டே போனால், மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். டென்னிஸிலோ கிரிக்கெட்டிலோ எதிராளியின் ஆட்டத்துக்குப் பதிலடி உண்டு. இங்கே முறை வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது. மனம் தளர்வதற்கு இதைவிட வசதியான இடம் விளையாட்டுலகில் குறைவு.

வில்லியம்ஸின் பெயரை முதலில் உலகம் கவனித்தது 1998இல். மாஸ்டர்ஸ் இறுதியாட்டத்தில் அன்றைய பேரரசர் ஸ்டீபன் ஹெண்ட்ரியிடம், ஃபிரேம் எனப்படும் தனித்தனி ஆட்டங்களின் கணக்கில் 6-9 எனப் பின்தங்கியவர், 9-9க்குக் கொண்டுவந்தார். கடைசி ஃபிரேமும் சமநிலையில் முடிந்ததால், கறுப்புப் பந்து ஒன்றை மட்டும் மீண்டும் மேசையில் வைத்து வெற்றியைத் தீர்மானித்தார்கள். அதையும் அவரே போட்டார். 2000இல் ஷெஃபீல்டு நகரின் க்ரூசிபிள் அரங்கில் நடந்த உலக இறுதியாட்டத்தில், சக வேல்ஸ் வீரர் மாத்யூ ஸ்டீவன்ஸிடம் 7-13 என்று பின்தங்கியிருந்து 18-16 என வென்றார். இடது கையால் ஆடி உலகச் சாம்பியன் ஆன முதல் வீரர் அவர். 2002-03 பருவத்தில் யுகே சாம்பியன்ஷிப், மாஸ்டர்ஸ், உலகப் பட்டம் மூன்றையும் அள்ளினார். ஒரே பருவத்தில் இந்த மூன்றையும் அதற்கு முன் வென்றவர்கள் ஸ்டீவ் டேவிஸ், ஹெண்ட்ரி இருவரே. அப்போது அவருக்கு வயது 28.

அதன் பிறகு சரிவு தொடங்கியது. ஒரு காயம், ஒரு விபத்து என்று எதையும் காரணமாகச் சுட்ட முடியாத சரிவு அது. 2005 உலகப் போட்டியில் 147 எடுத்தார், 2006இல் சீனா ஓப்பனை வென்றார். ஆனாலும் 2008இல் முதல் 16 இடங்களிலிருந்து வெளியேறினார். ஸ்நூக்கரில் ஓட்டமோ உடல் பலமோ பெரிதில்லை. கண்ணும் கையும் ஒரே நேர்கோட்டில் நிற்பதுதான் எல்லாம். மேசையின் மறுகோடியில் உள்ள பந்தை நோக்கும்போது, மயிரிழை பிசகினாலும் அது குழியின் விளிம்பில் பட்டுத் திரும்பிவிடும். இந்தப் பிசகு மெல்ல மெல்லத்தான் வரும். வந்த பிறகும் எங்கே தவறு என்று ஆட்டக்காரருக்கே எளிதில் பிடிபடாது.

விழுந்தவரைத் தரவரிசை முறையும் தாங்கிப் பிடிப்பதில்லை. உலகப் போட்டியின் 32 இடங்களில் முதல் 16 தரவரிசைக்காரர்களுக்கே நேரடி அனுமதி. மற்றவர்கள் தகுதிச் சுற்றுகளில் மோதி மிஞ்ச வேண்டும். 2014 முதல், கடந்த இரண்டு ஆண்டுகளில் வென்ற பரிசுத் தொகைதான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஆகவே பெரிய வெற்றியும் இரண்டு ஆண்டில் கணக்கிலிருந்து மறைந்துபோகும். முதல் 64 பேருக்கு வெளியே போனால் ஆட உரிமையே பறிபோகலாம். தோல்வியின் விலை அடுத்த வாய்ப்பும் சுருங்குவதுதான். பழைய சாதனைகளுக்கு இதில் சலுகை கிடையாது.

வில்லியம்ஸ் 2011இல் ஜெர்மன் மாஸ்டர்ஸை வென்று, மீண்டும் உலகின் முதலிடத்தைத் தொட்டார். ஆனால் அது நிலைக்கவில்லை. அடுத்த ஆறு ஆண்டுகள் ஒரு தரவரிசைப் பட்டமும் இல்லை. 2017இல் தகுதிச் சுற்றில் ஸ்டூவர்ட் கேரிங்டனிடம் 7-10 எனத் தோற்று, க்ரூசிபிளுக்குள் நுழைய முடியாமல் போனார். ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தவரைத் தடுத்தவர் மனைவி.

பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதையில் மிகவும் மதிக்கத்தக்கது. இருமுறை உலகச் சாம்பியனாக இருந்தவர், 42 வயதில் க்யூ என்ற ஆட்டக்கோலுக்குப் பின்னால் நிற்கும் முறையையும் பந்தைக் குறிபார்க்கும் முறையையும் பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபீனியிடம் அடிப்படையிலிருந்து மாற்றிக் கற்றார். அதே ஆண்டு வடக்கு அயர்லாந்து ஓப்பனையும், 2018 தொடக்கத்தில் ஜெர்மன் மாஸ்டர்ஸையும் வென்றார். மே மாதம் உலக இறுதியாட்டம். எதிரே அவருடன் ஒரே ஆண்டில் தொழில்முறைக்கு வந்த ஜான் ஹிக்கின்ஸ். 17-15 என்ற நிலையில் பட்டத்தைக் கையில் தரவிருந்த பிங்க் பந்தை வில்லியம்ஸ் தவறவிட்டார். ஹிக்கின்ஸ் 65 புள்ளிகளில் மேசையைத் துடைத்து அந்த ஃபிரேமை எடுத்துக்கொண்டார். இந்த இடத்தில் பலர் உடைந்துபோவார்கள். வில்லியம்ஸ் அடுத்த ஃபிரேமிலேயே 69 எடுத்து ஆட்டத்தை 18-16 என முடித்தார். 2003க்கும் 2018க்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். வென்றால் ஆடையின்றிப் பத்திரிகையாளர்களைச் சந்திப்பேன் என்று சொல்லியிருந்ததையும் அன்றிரவே நிறைவேற்றினார்.

2025இல் 50 வயதில் மீண்டும் உலக இறுதியாட்டத்துக்கு வந்தார். அத்தனை வயதில் அங்கே வந்தவர் வேறு யாருமில்லை. அவரை 18-12 என வென்ற சீனாவின் ஜாவோ ஜின்டாங் 28 வயதுக்காரர். ஆட்ட முறைகேடு விவகாரத்தில் 20 மாதத் தடையை அனுபவித்து, தொழில்முறை உரிமையின்றி அமெச்சூராகத் தகுதிச் சுற்றிலிருந்து ஏறிவந்து, ஆசியாவின் முதல் உலகச் சாம்பியன் ஆனவர். அதே ஆண்டு அக்டோபரில் சீனாவின் சியான் நகரில் ஷான் மர்ஃபியை 10-3 என வென்ற வில்லியம்ஸ், தரவரிசைப் போட்டி ஒன்றை வென்ற மிக மூத்த வீரரானார். அதற்கு முன் அந்தச் சாதனை 1982இலிருந்து இன்னொரு வேல்ஸ் வீரரான ரே ரியர்டனிடம் இருந்தது.